பிரசவ வார்டிலிருந்து மறுபடி ஷிஃப்டுக்கு: 26 வாரக் கணக்கு

ஓசூர் சிப்காட்டிலோ, பர்கூர் ஷூ கம்பெனியிலோ, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகனி பக்கமோ வேலைக்குப் போகிற பெண், கரு உறுதியானதும் முதலில் எடுக்க வேண்டியது காலண்டரை. தாய்ப்பால் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் குழந்தை பிறந்த பிறகே பேச்சைத் தொடங்குகின்றன. ஷிஃப்டுக்குப் போகிறவளுக்கு அது ரொம்பத் தாமதம். பிள்ளைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் மட்டும் கிடைக்கும் என்பது அவள் உடம்பைவிட அவள் லீவு லெட்டரைப் பொறுத்தே அமைகிறது.

கணக்கைப் பாருங்கள். முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு, அதாவது 182 நாள். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலமும் ஆறு மாதம். இரண்டும் அளந்து தைத்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 26 வாரத்துக்குள் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கும் விடுப்பும் சேர்த்தி. முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். நம் பக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு, கையோடு தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். 8 வாரம் அங்கேயே கரைந்தால் பிரசவத்துக்குப் பின் மிச்சம் 18 வாரம். பிள்ளைக்கு நாலு மாதம் நிறைந்த சில நாளில் கம்பெனி பஸ் வாசலில் நிற்கும். இப்போதுதான் கழுத்து நின்ற பிள்ளை அது.

உடம்பு நன்றாக இருந்து, டாக்டரும் சம்மதித்தால், முன்விடுப்பை இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது என்பேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் கரு, கால் வீக்கம் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள். கடைசி மாதங்களில் நின்றுகொண்டே செய்கிற வேலையும் பளு தூக்கும் வேலையும் வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் அதைத் தரக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. பிரசவ தேதிக்கு முந்தைய 6 வாரமும் அதற்கு முந்தைய ஒரு மாதமும் அந்தக் காலத்தில் அடங்கும். ‘கேட்டால்’ என்பதைக் கவனியுங்கள். வாய் திறக்காதவரை லைனில்தான் நிற்க வைப்பார்கள். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு இருந்தால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய விடுப்பின் வாலில் ஒட்டிக்கொள்ளலாமா என்றும் எச்.ஆரிடம் முன்பே பேசுங்கள். பிரசவத்தால் உடம்பு கெட்டுப்போனாலோ, குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலோ, டாக்டர் சான்றின் பேரில் இன்னும் ஒரு மாதம் கூடுதலாக உண்டு. இது பலருக்குத் தெரியாது.

இரண்டு பிள்ளைகள் இருந்து மூன்றாவது பிறந்தால் 12 வாரம்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கோ, முதல் இரண்டு பிரசவத்துக்கு, 2021 ஜூலை முதல் ஒரு வருடம். டீச்சர் பிள்ளைக்கும் டிரெய்னி பிள்ளைக்கும் வயிறு ஒன்றுதானே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம்தான் இதற்கெல்லாம் மூலம். 2017இல் செய்த திருத்தத்தில்தான் 12 வாரம் 26 ஆனது. இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. “புதுச் சட்டம் வந்துடுச்சு, பழைய லீவெல்லாம் கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 26 வாரமும், பால் கொடுக்கும் இடைவேளையும், குழந்தைகள் காப்பகமும் புதியதிலும் அப்படியே இருக்கின்றன.

காகிதங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தால் விடுப்புப் பணம் கம்பெனியிடமிருந்து வராது, இ.எஸ்.ஐ. கொடுக்கும், அதுவும் முழுக் கூலி. குழந்தை பிறப்பதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருவுற்றிருந்தால் எந்த இரண்டு அரையாண்டுகள் உங்களுக்குப் பொருந்தும் என்று கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். மாதக் கணக்கில் வித்தியாசம் வரும்.

காண்ட்ராக்டில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய இ.எஸ்.ஐ. எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பழைய எண்ணோடு கட்டிய நாட்கள் உங்கள் கணக்கில் சேராமல் போகும். எண் ஒருவருக்கு ஒன்றுதான், அது மாநிலம் தாண்டினாலும் செல்லும். மாநில எல்லையில் இருக்கிற ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வேலை செய்து கட்டியதும், அந்தப் பக்கம் போய்க் கட்டியதும் ஒரே கணக்கு. பழைய எண்ணையே கொடுங்கள். இன்னொன்று: “இப்போ ரிசைன் பண்ணிட்டுப் போம்மா, பிள்ளை பெத்துட்டு வந்து மறுபடி சேர்ந்துக்கலாம்” என்று சூப்பர்வைசர் கனிவாகச் சொல்வார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிரசவ விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம். தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம், அதாவது உங்கள் ஊர் நர்சம்மாவிடம், கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்குங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றுக்கு அந்த எண் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் வழி. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய், முதல் இரண்டு பிரசவத்துக்கு. பெங்களூரில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு அங்கே ‘தாயி கார்டு’ தருவார்கள். இரண்டு அட்டையையும் ஒரே பையில் வைத்திருங்கள், தடுப்பூசி ஒன்றில் பதிந்து மற்றொன்றில் விட்டுப்போவது இங்கே சகஜம். பிறப்புப் பதிவு, பிறந்த இடத்தில்தான், 21 நாளுக்குள். பிரசவத்துக்குத் திருவண்ணாமலையிலோ ஊத்தங்கரையிலோ இருக்கிற தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு ஊர் நர்சம்மாவுக்கும் சொல்லிவைக்க வேண்டும். முதல் 42 நாளில் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஏற்பாடு உண்டு. ‘அவங்க அந்த ஊர் கேஸ்’ என்று இருவருமே விட்டுவிட்டால் அத்தனையும் தவறிப்போகும்.

முதல் ஒரு மணி நேரமும் முதல் மூன்று நாளும்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும். சிசேரியன் என்றாலும் இதே விதிதான். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்த சிசேரியனில் தாய் விழித்தேதான் இருப்பாள். அம்மாவோ நாத்தனாரோ பக்கத்தில் நின்று குழந்தையைப் பிடித்துக்கொண்டால் பால் கொடுக்க முடியும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே இதை விதிவிலக்காக நினைக்காமல் முன்கூட்டியே வார்டு நர்ஸிடம் சொல்லிவைக்கலாம்: “பாப்பாவை உடனே என்கிட்ட கொடுத்துடுங்க சிஸ்டர்.”

முதல் மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, ஸ்பூன் கணக்கில்தான் வரும். அவ்வளவுதான் வர வேண்டும். பிறந்த குழந்தையின் வயிறு அதற்குமேல் தாங்காது. இந்த மூன்று நாளில்தான் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் “பால் பத்தல” என்று ஆரம்பிப்பார்கள். இந்த ஒரு சொல்தான் நம் ஊரில் அதிகம் தாய்ப்பாலை நிறுத்தியிருக்கிறது. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க நாலைந்து நாள்கூட ஆகலாம். அதுவரை இடைவிடாமல் சப்பவிடுவதுதான் வழி. பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் குழந்தை தூங்கிவிடும், மார்பு தூண்டப்படாது, ஆறாம் நாள் உண்மையிலேயே பால் பற்றாது. சொன்னவர்கள் “நான் அப்பவே சொன்னேன்ல” என்பார்கள்.

சேனை வைப்பது வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரானாலும் சரி, தேனானாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குள்ளான பிள்ளைக்கு நரம்பையே செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் கறந்து கொடுப்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆயா கோபித்துக்கொண்டால் டாக்டர் மேல் பழியைப் போடுங்கள், டாக்டர்கள் அதற்கெல்லாம் பழகியவர்கள்.

குழந்தை மார்பைப் பிடிக்கிற விதத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வலியும் வெடிப்பும் பால் குறைவும் பாதிக்குமேல் இங்கேதான் தொடங்குகின்றன. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையை மட்டும் திருப்பிப் பால் குடிக்க வைக்கக் கூடாது, நாமே கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் சோறு விழுங்கிப் பார்த்தால் தெரியும். மூக்கு, காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்பை நோக்கி அணைக்க வேண்டும், மார்பைக் குழந்தையின் வாயில் திணிக்கக் கூடாது. சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளிப்புறம் மடங்கியிருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப்பக்கம் ஏறக்குறைய மறைந்திருக்கும். முதலில் வேகவேகமாகச் சப்பும், பிறகு சப்பி, நிறுத்தி, விழுங்கும் நிதானம் வரும். ‘க்ளக்’ என்று விழுங்குவது காதில் விழும். கன்னம் குழிந்தாலோ, ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ, குடித்து விட்ட பிறகு காம்பு லிப்ஸ்டிக் முனை மாதிரி சரிந்திருந்தாலோ பிடி சரியில்லை. சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி போடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு கொடுப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

போதுமா என்பதற்கு அழுகையைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது ஒன்றுக்குப் போக வேண்டும். கறுப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை முதல் நாட்களில் குறையலாம், இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட வேண்டும். நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். சாயங்காலத்தில் விடாமல் அரை மணிக்கொரு தரம் கேட்கும், அது பசி கூடும் வளர்ச்சி, பால் வற்றிப்போனதன் அடையாளம் அல்ல. உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் ஏறியிருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டால், கொஞ்சம் கையால் பீய்ச்சி இளக்கிவிட்டுக் குழந்தையைப் போடுங்கள். குடித்த பிறகு ஈரத்துணி ஒத்தடம். ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் வலித்து, குளிர்காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அப்போதும் அந்தப் பக்கப் பாலை நிறுத்தக் கூடாது. ஒரு நாளில் தணியாவிட்டால் டாக்டரிடம் மாத்திரைக்குப் போக வேண்டும், பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு.

பச்சை உடம்பு

ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று வீட்டுப் பத்தியமும் இருக்கும். பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை, கன்னடக்காரர் வீட்டுச் சப்சிகே கீரை எல்லாம் நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். களியும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது. தண்ணீரைக் குறைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். “தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்” என்று சொல்லி ஒரு டம்ளருக்கு ரேஷன் போடுகிற வீடுகளில் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் வரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள், கால்சியமும் அதே ஆறு மாதம்.

உதிரப்போக்கு நாலு முதல் ஆறு வாரம்வரை குறைந்துகொண்டே போவது இயல்பு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்து அடுத்த மணியிலும் அப்படியே என்றால் 108க்குக் கூப்பிடுங்கள். நாற்றத்தோடு போக்கு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். ‘பிரசவம்தான் முடிஞ்சுதே’ என்ற நிம்மதியில் அந்தத் தலைவலியைத் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்து இறந்தாலோ என்ன செய்வது என்று கையேடுகளில் அதிகம் எழுதுவதில்லை. பால் மூன்றாம் நாள் வரத்தான் செய்யும். மார்பை இறுக்கிக் கட்ட வேண்டாம். சூடு வைக்காமல், வலி தாங்காதபோது மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் சில நாளில் அடங்கும். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். 1988இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, பூவும் பாலைக் குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பூ விளைகிற நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது கிடைக்காமல் போகாது. விடுப்பு? சட்டத்தில் ‘குழந்தை’ என்பதில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும். முழு விடுப்பும் உண்டு. 26 வாரத்துக்குள் கரு கலைந்தால் 6 வாரம். “குழந்தைதான் இல்லையே, எப்போ டியூட்டிக்கு வர்றே?” என்று கேட்பவருக்கு வீட்டிலிருந்து வேறு யாராவது பதில் சொல்லட்டும், அவள் சொல்ல வேண்டாம்.

மனசு

முதல் பத்து நாள் காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வருவது பெரும்பாலோருக்கு உண்டு, தானாக அடங்கும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் தூக்கமின்மை, வெறுமை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்காமை, ‘நான் இல்லாட்டா நல்லாருக்கும்’ என்கிற எண்ணம் இருந்தால் அது நோய். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டவை: வருமானக் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைக்கு உதவி இல்லாமை. கடைசிக் காரணத்தை சிப்காட் சுற்றிய ஒற்றை அறை வீடுகளோடு சேர்த்துப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து, கணவன் நைட் ஷிஃப்டில், தான் தனியே பச்சைக் குழந்தையோடு, பக்கத்து வீட்டோடு பேச மொழியும் இல்லாமல் இருக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பெண் உங்கள் காம்பவுண்டில் இருந்தால் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். மருந்துக்கு முந்தைய மருந்து அது.

நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ கேட்டால் 10 கேள்வி கொண்ட எடின்பரோ படிவத்தைப் போட்டுப் பார்ப்பார்கள், தமிழிலும் இருக்கிறது. எந்நேரமும் பேச 14416. நிலைமை முற்றினால், இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் ரோட்டிலேயே நேராகப் போனால் பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனை. தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தருகிற தனிப் பிரிவு 2009இலிருந்து அங்கே நடக்கிறது. நாட்டில் இப்படி வசதி உள்ள இடங்கள் மிகக் குறைவு, நமக்கு அது ஒன்றரை மணி பஸ் தூரம்.

திரும்பப் போகும் நாள்

வேலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பே ஒத்திகை தொடங்க வேண்டும். முதலில் கணக்கு. 6 மணி ஷிஃப்டுக்குக் கெலமங்கலத்திலிருந்தோ சூளகிரியிலிருந்தோ 5 மணிக்குப் பஸ், 2 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர 3 ஆகிறது. பிரிந்திருக்கும் நேரம் 10 மணி. தாய் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தோராயமாக 30 மில்லி என்று வைத்தால் 300 மில்லி வேண்டும். அதை மூன்று தடவையாகப் பிரித்துச் சின்னச் சின்ன டப்பாவில் வைக்கலாம். பெரிய டப்பாவில் மொத்தமாக வைத்து மிச்சத்தைக் கொட்டும்போது வரும் அழுகை தாய்க்குத்தான் தெரியும்.

கையால் பீய்ச்சக் கற்றுக்கொள்ளுங்கள். பம்ப் வசதிதான், ஆனால் கழுவவும் கொதிக்கவைக்கவும் இடமில்லாத கம்பெனியில் கை போல வராது. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல் ஓரத்திலும் ஆள்காட்டி விரலைக் கீழ் ஓரத்திலும் வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றையொன்று பார்க்க அமுக்கி விடுங்கள். தோலின்மேல் விரலை வழுக்கிக்கொண்டு வரக்கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது, பிறகு சொட்டும், பிறகு பீச்சியடிக்கும். குழந்தையின் போட்டோவைப் பார்த்தால் சீக்கிரம் இறங்குகிறது என்று பலர் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் மொபைலை உள்ளே விடாத எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் உண்டு. பிரிண்ட் போட்டு ஐ.டி. கார்டுக்குப் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். அங்கேயே டப்பாவையும் ஐஸ் பையையும் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். திரும்பும் முதல் நாள் காலையில் செக்யூரிட்டியோடு மல்லுக்கு நிற்காமல், ஒரு வாரம் முன்பே எச்.ஆரிடம் எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடியோ போதும், கொதிநீரில் போட்டெடுத்தது. 25 டிகிரிக்குள் இருக்கிற அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம். ஓசூர் மேட்டில் வருடத்தில் பாதி நாள் அது சரிப்படும். மார்ச்சிலிருந்து மே வரை, அதுவும் கிருஷ்ணகிரி, பர்கூர் வெயிலில், அந்த நாலு மணியை நம்ப வேண்டாம். ஐஸ் ஜெல் போட்ட பையில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் நாலு நாள். கதவில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததை அடுப்பில் வைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிறுத்திச் சூடேற்ற வேண்டும். மேலே ஆடை கட்டியது போலத் தெரிந்தால் கெட்டுப்போகவில்லை, மெதுவாக ஆட்டினால் கலந்துவிடும்.

புட்டிப்பால் ரப்பர் வேண்டாம். நம் வீட்டுப் பாலாடை, சில வீடுகளில் சங்கு என்பார்கள், இதற்கென்றே இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைக்கே அதில்தான் ஊட்டுகிறார்கள். கழுவ எளிது, மார்புப் பிடியும் குழம்பாது. மாமியாரோ அம்மாவோ குழந்தையைச் சாய்வாகப் பிடித்து, முனையைக் கீழுதட்டில் வைத்து, குழந்தை நாக்கால் வாங்கிக்கொள்ளும்படி காத்திருக்க வேண்டும், ஊற்றக் கூடாது. ஊட்டிப் பழக்குவது நீங்களாக இருந்தால் குழந்தை மார்பையே தேடும். அந்த மூன்று வாரமும் வேறு ஆள்தான் ஊட்ட வேண்டும். பீய்ச்சியது பற்றவில்லை என்றால் பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது ஆறு மாதத்துக்குள் கூடாது, ஆவினானாலும் நந்தினியானாலும். டாக்டர் சொல்லி பால்பவுடர் கொடுக்க நேர்ந்தால் டின்னில் போட்ட அளவுப்படியே. மிச்சம் பிடிக்க ஒரு ஸ்பூன் குறைத்தால் பிள்ளைக்குத்தான் குறையும்.

வேலையில் மூன்று மணிக்கொரு முறை பீய்ச்ச வேண்டும். மற்ற இடைவேளை போக, பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அங்கே நாளைக்கு நாலு முறை போய்வரவும் விட வேண்டும். ஆண்களையும் சேர்த்துத்தான் அந்த 50. மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிகளில் காப்பகம் 6 மாதம் முதல் 6 வயதுவரையிலான குழந்தைக்கு என்றிருக்கிறது. 18 வாரத்தில் வந்துவிட்ட தாய் அங்கேயும் மாட்டிக்கொள்கிறாள், ஆகவேதான் முதலில் காலண்டரைச் சொன்னேன். டாய்லெட்டில் பீய்ச்சச் சொன்னால் மறுத்துவிடுங்கள், யாருடைய சாப்பாட்டையும் அங்கே தயார் செய்ய மாட்டோம். மூன்று நாலு பெண்களாகச் சேர்ந்து கேட்டால் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் நாற்காலியும் கிடைத்துவிடும். 2015இல் ஜெயலலிதா தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். பேருந்து நிலையத்தில் முடிந்தது கம்பெனியில் முடியாதா? கேட்டும் நடக்கவில்லை என்றால், வேலை தமிழ்நாட்டில் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்து அதிகாரியிடம் எழுதுங்கள். கம்பெனி எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் புகாரும் கர்நாடகத்தில்தான். வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது.

நைட் ஷிஃப்ட் போட்டால் பால் குறையலாம், ஏனெனில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். முடிந்தவரை பகல் ஷிஃப்டாகவே கேளுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளையை மார்பிலேயே விட்டுவிடுங்கள், லீவு நாளிலும். கூடவே ஒரு எச்சரிக்கை. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்போது மாதவிலக்கு வராதவரை கரு தங்காது என்று நம்பியிருப்பீர்கள். பகலில் நாலு மணி, இரவில் ஆறு மணி இடைவெளிக்குமேல் போகாதவரைதான் அது செல்லும். ஷிஃப்ட் தொடங்கிய நாளோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. அதற்கு முன்பே காப்பர் டியோ வேறு வழியோ நர்சம்மாவிடம் பேசி முடித்துவிடுங்கள்.

ஆறு மாதம் நிறைந்ததும் பாலோடு கூழ் ஆரம்பிக்கலாம். ராகியை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்த மாவு இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. முதல் வாரம் ஒரு ஸ்பூன் மாவை நன்றாகக் காய்ச்சி, பீய்ச்சிய பாலையே விட்டு இளக்கி ஊட்டுங்கள். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். காப்பகத்தில் விடுகிறவர்கள் மாவை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பலாம். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கை, மார்பு கழுவிவிட்டு முதலில் பால், அப்புறம்தான் கூழ்.